அழுத்தாமல் துடைப்பது

வாளியில் நுரை வரவில்லை. கார் துடைக்கிற மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கையை விட்டு நன்றாகக் கலக்கியும் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, லேசாக ஒரு நீலம் ஓடியதைத் தவிர. நுரை வராது என்று உலகநாதனுக்குத் தெரியும். தூக்கம் பிடிக்காமல் படுத்திருந்த எத்தனையோ இரவுகளில் கைபேசியை நெஞ்சின்மேல் நிறுத்திவைத்து, எந்தெந்த ஊர்க்காரர்களோ கார் கழுவுவதைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்துக்கொண்ட வித்தைதான் இது. ஆனாலும் கை நுரையைத் தேடியது. சோப்பு என்றால் நுரைக்க வேண்டும், தண்ணீர் என்றால் ஓட வேண்டும், ஓடித் தரையெல்லாம் நனைந்து சாக்கடை வாய்வரைக்கும் போனால்தான் கழுவினோம் என்று மனசு ஒத்துக்கொள்ளும். இந்தக் குடியிருப்பில் அதற்கு வழியில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிக் களைத்துப்போன சங்கம், கீழ்த்தளத்தில் ஹோஸ் போட்டு வண்டி கழுவக் கூடாது என்று தூணுக்குத் தூண் ஒட்டிவைத்திருக்கிறது. ஆக, ஒரு வாளி. ஒரே ஒரு வாளியில் ஒரு முழுக் கார். "ஊருக்கே ராத்திரி ராத்திரியா தண்ணி ஏத்தி விட்டவருக்குக் கடைசில ஒரு வாளிதானா," என்று காலையில் காப்பி கொடுக்கும்போதே தவமணி சிரித்தாள். குரோம்பேட்டையில் பாதி ஜனம் விடிந்ததும் குழாயைத் திறந்தபோது வந்தது, நீரேற்று நிலையத்தில் இரவெல்லாம் விழித்திருந்து அவன் மோட்டார் ஓட்டி மேலேற்றிய தண்ணீர். அதைப் பெருமையாகத்தான் அவள் சொன்னாள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போதே பேன்ட் பையிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொடையில் குத்தியது.

கழுவத்தான் இறங்கினான், அதில் பொய் இல்லை. கழுவி முடித்ததும் பானெட்டைத் திறந்து பேட்டரியின் கறுப்பு முனையைக் கொஞ்சம் தளர்த்திக் கழற்றிவிட்டு மறுபடி மூடிவிட வேண்டியது. அவள் சாவியோடு வருவாள், திருப்புவாள், ஒரு முனகல்கூட வராது. எட்டு மாசமா நின்ன வண்டி, இப்படித்தான் காலை வாரும், நேரமாச்சு, கால் டாக்ஸி கூப்பிடு. அவ்வளவுதான். போரூரில் நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும், போரூருக்குப் பைபாஸில் ஏற வேண்டும், பைபாஸில் கன்டெய்னர் லாரிகள் வீட்டையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில், பக்கத்தில் ஒருவன் இன்னொரு பிரேக்கில் காலை வைத்து உட்கார்ந்திருக்க, தெருத் தெருவாகச் சுற்றி லைசென்ஸ் வாங்கியவள், நாற்பத்தேழு வயதில் சொந்த வண்டியை முதல் தடவையாக எடுத்து நேரே பைபாஸிலா ஏறுவது. எல்லாம் அவள் உயிருக்காகத்தான். இந்த வாக்கியத்தைச் சில நாளாகவே உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது, ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு மணல் நெருடியது. "நீங்க பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்காம வந்தா நான் ஓட்டுறேன். இல்லையா, நான் மட்டும் வண்டில போறேன், நீங்க பஸ்ஸப் புடிச்சு வந்து சேருங்க," என்று அவள் சொன்னதா நெருடுகிறது. இல்லை. அதைவிடச் சின்னது, அதைவிட அடியில் கிடப்பது. பக்கத்தில் உட்காருவது. இடது பக்கம். கைக்கு எதுவும் இல்லாத பக்கம். அந்தப் பக்கம் எப்போதும் அவள்தான் உட்கார்ந்தாள், மடியில் பையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

உறையைக் கழற்றும்போதே கயிற்று முடிச்சு வேறு மாதிரி இருந்தது. அவன் போடுவது மோட்டார் அறையில் பழகிய இரட்டை முடிச்சு, உயிரே போனாலும் அவிழாது. இது ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கட்டுகிற ரிப்பன் மாதிரி. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்துவதாகத் தவமணி சொல்லியிருந்தாள், அவள் முடிச்சாக இருக்கும். அவன் இந்த எட்டு மாதமாகக் கீழ்த்தளத்துக்கே வரவில்லை. முன்வாசல் வழியாக இறங்கி, ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் போய், பகல் வேலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தான். உறைக்குள் வண்டி அரக்கு நிறத்தில் அப்படியே இருந்தது, மேலே மெல்லிய தூசி, மாவு சலித்த மாதிரி. முதலில் மேற்கூரை. துடைக்கிறதுக்கு முன்னால் தெளிக்க வேண்டும், அதுதான் பாதி வித்தை. தெளித்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அந்த மருந்து ஒவ்வொரு மணலையும் தனித்தனியாகப் போய்ச் சுற்றிக்கொள்ளும், முள்ளுக்கு உறை மாட்டுகிற மாதிரி, அப்புறம் அது கீறாது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு திரவம் இத்தனை பொறுமையாக ஒரு வேலையைச் செய்கிறது என்பது அவனுக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து, அழுக்கைத் தேய்த்துத் துரத்தாமல் பேசி அழைத்துக்கொண்டு வரலாம் என்று யோசித்திருக்கிறான். துண்டை நான்காக மடித்தான். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முகம். ஒரு முகத்துக்கு ஓர் இழுப்பு, நேர்க்கோட்டில், வட்டம் போடாமல். அழுக்கான முகத்தை வண்டி மேல் மறுபடி வைக்கவே கூடாது. கை கனமே போதும், கனம்கூட வேண்டாம், துண்டின் கனமே போதும். முதல் இழுப்பில் கூரை நடுவே ஒரு பாதை திறந்தது. அரக்கு நிறம் ஈரத்தில் ஆழமாகி, டியூப்லைட் அதற்குள் போய் விழுந்து கிடந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தான், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அழுக்கு வந்துவிட்டது, சத்தமே இல்லாமல். நீரேற்று நிலையத்தில் எல்லாமே சத்தம்தான், சத்தம் நின்றால்தான் பயம். இருபத்திரண்டு வருடம் சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் உடம்பைத் தெரிந்துகொண்டவன், இங்கே ஒரு சத்தமும் இல்லாத வேலையின் முன்னால் கூச்சத்தோடு நின்றான்.

"இன்னா சார், காருக்கு மொகம் தொடச்சி வுடறீங்களா." பின்னாலிருந்து டில்லிபாபுவின் குரல். வாட்ச்மேன், கேட்டுக்கும் கீழ்த்தளத்துக்குமாக நாள் முழுக்க நடப்பவன், கையில் பல் துலக்கும் பிரஷ். "கழுவுறேன்பா." "தண்ணியக் காணமே." "இதுல தண்ணி ஊத்த வேணாம். துடைச்சாப் போதும்." டில்லிபாபு வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "நொரயும் இல்ல. ஏமாத்திக் குடுத்துட்டானுங்க சார், நீங்க வேற பாவம், வெகுளி." அவன் சொன்ன விதத்தில் உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. துண்டைத் திருப்பி அழுக்கைக் காட்டினான். "அடங்," என்றான் டில்லிபாபு, பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூரையைக் குனிந்து பார்த்தான், அதில் அவன் முகம் தெரிந்தது, தலையைக் கோதிக்கொண்டான். "சோக்கா கீது சார். கண்ணாடி தோத்துச்சு. இன்னிக்கி அக்கா எடுக்கறாங்களா." "ஆமா. மொத தடவ. அதான் பயமா இருக்கு." "அக்காக்கு இன்னா சார், அவங்க எடுத்தா வெண்ணெல கத்தி போற மாரி…" என்றவன் சட்டென்று பிரஷை வாயில் போட்டுக்கொண்டான். வாய் நிறைய நுரையோடு ஏதோ சொன்னான், கேட்டில் ஆரன் கேட்கிறது என்பது போலக் கையைக் காட்டிவிட்டுச் சரிவில் ஏறிப் போய்விட்டான். ஆரன் எதுவும் கேட்கவில்லை.

வெண்ணெயில் கத்தி. இவன் எங்கே பார்த்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலோடு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், அதை ஒருவேளை பார்த்திருப்பான். ஜன்னல்கள் முடிந்தன, துண்டு மாற்றினான். வலது கதவில் தெளித்துவிட்டு நின்றான், துளிகள் தூசியைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சரிந்து இறங்கின. எட்டு மாதத் தூசி என்றால் இவ்வளவுதானா என்று அப்போதுதான் தோன்றியது. பக்கத்தில் துபாய்க்காரர் வண்டி ஒன்று உறையோடுதான் நிற்கிறது, அதன் உறை விலகின ஓரத்தில் தூசி படிந்து படிந்து கம்பளி மாதிரி ஆகியிருந்தது. இங்கே ஊதினால் பறக்கிற தூசி. உறை புதுசு, அதனால் இருக்கும். முன் சக்கரத்துக்குக் குனிந்தான். சக்கரத்துக்கு மட்டும் பழைய துணி, அதை வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது. டயருக்கு மேலே வளைவின் உள்விளிம்பில் ஒரு கட்டி காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தொட்டான். செம்மண். இப்படி ஒட்டியிருக்கிற மண்ணை இந்த முறையில் துடைக்கவே கூடாது, இழுத்தால் பெயின்ட்டையும் இழுத்துக்கொண்டு வரும், ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு குவளை எடுத்து மெல்ல ஊற்றி ஊறவைத்தான். சிவப்பாகக் கரைந்து சிமென்ட் தரையில் ஓடியது. கீழ்த்தளத்தில் செம்மண் கிடையாது. தெருவில் கிடையாது. டிரைவிங் ஸ்கூல்காரன் பழக்குகிற மைதானத்தில் உண்டு, திருநீர்மலைப் பக்கம், ஆனால் அது அவன் வண்டிக்கு. உலகநாதன் குந்தியபடியே இருந்தான். டயரின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ நசுங்கிச் சொருகிக் கிடந்ததை நகத்தால் நெம்பினான். எலுமிச்சம்பழத் தோல், காய்ந்து சுருண்டு, ஒரு விதையோடு. அவன் கடைசியாக வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தது போன ஆயுத பூஜைக்கு. அதற்கப்புறம் இரண்டு தடவை திருச்சி போய் வந்தாயிற்று, இந்தத் தோல் அதுவாக இருக்க முடியாது. முதல் தடவை வண்டியை எடுக்கிறவர்கள் வைக்கிற எலுமிச்சம்பழம். நாலு சக்கரத்துக்கும் வைத்து, மனசுக்குள் யாரையோ கும்பிட்டு, மெதுவாகக் கிளட்சை விட்டு, நசுங்குகிற அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டபடி.

அவன் இல்லாமல். அவன் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன ஏதோ ஒரு காலையில். துண்டைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தான், தரையில் விழுந்த துண்டை மறுபடி எடுக்கக் கூடாது. கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தவித்தபோது அது தானாகப் பைக்குள் போய் ஸ்பேனரைத் தொட்டது. அன்றைக்கும் கையில் ஸ்பேனர்தான் இருந்தது. விடியப்போகிற நேரம், மோட்டாரின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இனித்துக்கொண்டே போனது, சத்தம் எப்படி இனிக்கும் என்று யோசித்ததுதான் கடைசி. கண்ணை விழித்தபோது தரையில் கிடந்தான், நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரும்பு ருசி, வலது கையில் ஒரு பெரிய ஸ்பேனரை யாரோ திணித்து விரல்களை மூடிவிட்டிருந்தார்கள். வலிப்புக்கு இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று கூட வேலை பார்த்த பையன்கள். டாக்டர் சிரித்தார், கொடுக்காவிட்டாலும் அது தானாக நின்றிருக்கும் என்றார், அதோடு ராத்திரி வேலை போச்சு, ஸ்டியரிங்கும் போச்சு. உள்ளங்கையில் அந்த அச்சு வெகுநாள் இருந்தது. தவமணி ஆஸ்பத்திரிக்கு வாடகை ஆட்டோவில் வந்தாள். வழியில் ஆட்டோ நின்றுபோய், வேறு வண்டி கிடைக்காமல், பாதி தூரம் ஓடியே வந்திருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை, சேலை ஓரத்தில் ஏறியிருந்த சேறு சொன்னது. அடுத்த வாரமே "நான் வண்டி ஓட்டக் கத்துக்கறேன்," என்றாள், கூட்டுக்கு உப்புப் போடுகிற குரலில். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இவருக்கு மறுபடி வலிப்பு வராமலா போகும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து அப்போது கோபம்கூட வந்தது. அந்த ஓட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. செருப்போடு ஓடினாளா, கையில் எடுத்துக்கொண்டு ஓடினாளா.

இடது பக்கம் வந்தான். இந்தப் பக்கம்தான் தூண். வண்டியை வெளியே எடுப்பதென்றால் தூணை நாலு விரல் தள்ளி ஒடிக்க வேண்டும், அவனே ஆரம்பத்தில் திணறியிருக்கிறான். தூணில் முழங்கால் உயரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. புதுசு. இதோ, இதற்குத்தான், இதைத்தான் சொன்னேன் என்று உள்ளே ஒருத்தன் எழுந்து நின்றான். பின்சக்கரத்துக்கு மேலே தெளித்துவிட்டுக் கைபேசியின் டார்ச்சை அடித்துத் தேடினான். கீறலைக் காணோம். நிறம் சரியாக இருந்தது, கிட்டத்தட்டச் சரியாக. துண்டை மெல்ல இழுத்ததும் விரலுக்கு அடியில் ஒரு மேடு தட்டியது, மெழுகு சொட்டிக் காய்ந்த மாதிரி. இன்னும் கிட்டத்தில் டார்ச்சைக் கொண்டுபோனான். அந்த இடம் மட்டும் மினுமினுத்தது. பொடிப் பொடியாக, திருவிழாக் கடை வளையல் மாதிரி, வெள்ளியும் ரோஜாவும். நெயில் பாலீஷ். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள் பூவிழி அலமாரியில் விட்டுப்போன குப்பிகளில் ஒன்று, அரக்கு நிறம், உள்ளே ஜிகினா. வண்டிக் கடையில் டச்சப் பெயின்ட் என்று கேட்டால் ஒரு குப்பி கொடுப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கேட்கப் போகவில்லை. எந்தப் பகலில் இங்கே குந்தி உட்கார்ந்து, பாட்டில் பாட்டிலாக வண்டியின் மேல் பிடித்து நிறம் பார்த்து, மூச்சை அடக்கி, நகத்துக்குப் போடுவது போலவே சின்ன பிரஷில் ஒரே இழுப்பாக, மேலிருந்து கீழே, கோட்டை விட்டு வெளியே போகாமல். போகவில்லை. எவ்வளவு சுத்தமான கை. கீறலின் நீளத்துக்கு மட்டும், ஒரு முடிகூட அந்தப் பக்கம் சிந்தாமல், இரண்டு பூச்சு, முதல் பூச்சு காய்ந்தபிறகுதான் இரண்டாவது. கீழ்த்தளத்து இருட்டில் ஜிகினா தெரிந்திருக்காது. உலகநாதன் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டான், அப்புறம் முடியவில்லை, குந்தியபடியே தூணில் சாய்ந்து தோள் குலுங்கச் சிரித்தான், சிரித்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடித்திருக்கிறாள். இடித்துவிட்டு வண்டியை விட்டு ஓடவில்லை. அன்றைக்கே அல்லது மறுநாளே மறுபடி எடுத்திருக்கிறாள், செம்மண் காய்கிற அளவுக்கு, தூசி படிய நேரம் இல்லாத அளவுக்கு. மறுபடி மறுபடி எடுத்து, இதே தூணைத் தாண்டி, தூசி மேலே உறையைப் போட்டு, ரிப்பன் முடிச்சுப் போட்டுவிட்டு, சாயங்காலம் அவன் வரும்போது ஒன்றும் நடக்காத முகத்தோடு கதவைத் திறந்திருக்கிறாள்.

துண்டில் கடைசி முகம் ஒன்று சுத்தமாக மிச்சம் இருந்தது. ஜிகினா இருக்கிற இடத்தில் அதை வைத்து, கனமே கொடுக்காமல், குழந்தை நெற்றியில் விபூதி கலையாமல் வியர்வை ஒற்றுகிற மாதிரி ஒற்றி எடுத்தான். மேடு அப்படியே இருந்தது. பிறகு உலர்ந்த துண்டால் வண்டி முழுக்க ஒருமுறை ஒற்றினான். வாளியில் பாதித் தண்ணீருக்கு மேல் மிச்சம் இருந்தது. தரையில் செம்மண் கரைந்த அந்த ஒரு கோட்டைத் தவிர ஈரமே இல்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பானெட் திறக்கிற நெம்புகோல் டிரைவர் சீட்டுக்குக் கீழே, உள்ளே. மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து உட்காரப் போனவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து நின்றான். சீட்டு அவ்வளவு முன்னால் இருந்தது, முதுகுக்கு மடித்துவைத்த ஒரு பழைய போர்வை. நுழைந்து ஒடுங்கி உட்கார்ந்தான். நடுக் கண்ணாடியைப் பார்த்தான், அவன் முகம் அதில் இல்லை, அவன் கண் இருக்கிற உயரத்துக்கு அதில் எதுவுமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவள் உயரத்துக்கு இறங்கியதும் பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது: பின் கண்ணாடி, அதற்கப்பால் தூண், அதற்கப்பால் சரிவு, சரிவின் உச்சியில் ஒரு துண்டு வெயில். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில். இத்தனை வருடம் அவன் ஓட்டியபோது இந்தக் கண்ணாடி இவ்வளவு சரியாக இருந்ததா. கை நெம்புகோலில் இருந்தது. விரலை மடக்கினால் போதும். பயம் போகவில்லை, லாரிகள் அதே வேகத்தில் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்தபோது அது வழுக்கியது, எல்லாம் அவள் உயிருக்காக என்பது கையில் நிற்கவில்லை. கையை எடுத்தான். சீட்டைப் பின்னால் தள்ளாமல், கண்ணாடியைத் தொடாமல், வந்த மாதிரியே ஒடுங்கி வெளியே வந்தான்.

தவமணி சாவியும் ஃபைலும் நாலு எலுமிச்சம்பழமுமாக வந்தாள். காட்டன் சேலையைச் சற்றே தூக்கிச் செருகியிருந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், இடது பின்பக்கம் வந்தபோது கொஞ்சம் வேகமாக நடந்தாள். "என்னங்க, புதுப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டீங்க. நெசமாவே ஒரு வாளியா." "பாதி மிச்சம்." "எல்லா இடமும் தொடச்சாச்சா." "எல்லா இடமும்," என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வாளியைத் தூணோரம் தள்ளி வைத்தான். "மொத தடவ எடுக்கறோம்ல," என்று சொல்லிக்கொண்டே குனிந்து சக்கரம் சக்கரமாகப் பழத்தை வைத்தாள். டயரின் மையத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, உருண்டுவிடாத இடமாகப் பார்த்து வைத்தாள், பழகின கை. அவன் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. நாலு பழமும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. வண்டி பின்னால் நகர்ந்து, ஒடித்து, தூண் இடது ஜன்னலுக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. தூணைப் பாத்து என்ற சொல் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது. கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போனது, பாதியில் திரும்பிப் பைக்குள் நுழைந்து ஸ்பேனரை எடுத்து இறுக்கிக்கொண்டது. அவள் சடக்கென்று பிரேக்கை மிதித்தாள். "என்னங்க. வருதா. என்ன பண்ணுது." அவள் குரல் அன்று ஆஸ்பத்திரி வாசலில் இருந்த குரல். கையைப் பார்க்கிறாள், கையில் இருக்கிற இரும்பைப் பார்க்கிறாள். "இல்ல இல்ல, தவம், ஒண்ணும் இல்ல. பேட்டரி முனை லூசா இருக்குமோன்னு பாக்கறதுக்கு எடுத்தேன், பைலயே இருந்துச்சு." "பயந்தே போயிட்டேன்," என்று அவள் மூச்சை விட்டாள். "அதெல்லாம் டைட்டாத்தான் இருக்கும். போன மாசம் சிக்னல்ல நின்னுபோச்சேன்னு நான்தான் வாஸ்லின் தடவி முடுக்கி…"

தவமணி நேராக முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள், காது மடல் சிவந்துகொண்டே போனது. உலகநாதன் முன்னாலிருந்த டப்பாவைத் திறந்து ஸ்பேனரை உள்ளே போட்டு மூடினான். தூணுக்குப் பயந்து அவன் வருடக்கணக்காக மடக்கியே வைத்திருந்த இடது கண்ணாடியை, ஜன்னலை இறக்கிக் கையை நீட்டி விரித்துவிட்டான். "தெரியுதா," என்றான். "இன்னும் கொஞ்சம் வெளில," என்றாள் அவள், மெதுவாக. திருப்பினான். "போதும்." வண்டி நகர்ந்தது. தூண் ஜன்னலை உரசுவது போல வந்து, நாலு விரல் இடைவெளி விட்டு, அமைதியாக விலகிப் போய்விட்டது. டில்லிபாபு கேட்டைத் திறந்து, சல்யூட் அடிப்பதா வேறு பக்கம் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். சரிவு ஏறி வெயிலுக்குள் வந்ததும் விரித்துவிட்ட கண்ணாடியில் வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் கண்ணைப் பறித்தது, சக்கரத்துக்கு மேலே, வெள்ளியும் ரோஜாவுமாக. பைபாஸ் திருப்பம் வரைக்கும், அதைத் தாண்டி லாரிகளுக்கு நடுவே அவள் கியரை மாற்றி ஏறிய பிறகும், உலகநாதன் வாயைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.